வேலையை விட்டு எம்.பி.ஏ.வா, வேலையோடு எம்.பி.ஏ.வா? முழுமையான வழிகாட்டி

ஐந்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் எம்.பி.ஏ. ஆசை வந்துவிடுகிறது. பெரும்பாலும் அது இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வரும் வாரத்தில் வரும். கூட வேலை பார்த்தவர் மேலாளராகிவிட்டார், நாம் அதே நாற்காலியில் இருக்கிறோம் என்ற எரிச்சலில், இரவு பதினொரு மணிக்கு நான்கைந்து இணையதளங்களில் பெயரையும் கைபேசி எண்ணையும் பதிந்துவிடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து 'ஆலோசகர்கள்' அழைக்கத் தொடங்குவார்கள். முழுநேரமா, பகுதிநேரமா என்று அவர்களிடம் கேட்டால், அவர்கள் விற்கும் படிப்பு எதுவோ அதுவே பதிலாக வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யும் தொழிலையே மாற்ற வேண்டுமென்றால் முழுநேரம். இருக்கும் துறையிலேயே மேலே போக வேண்டுமென்றால் பகுதிநேரம். பட்டம் என்ற தகுதி மட்டும் போதுமென்றால் தொலைநிலைக் கல்வி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விண்ணப்பிக்கும் எல்லோருமே தங்களை விதிவிலக்கு என்று நினைத்துக்கொள்வதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில், அதிலும் சென்னையிலும் அதைச் சுற்றியும் வேலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த வேலைக்காக என்று எழுதுங்கள்

படிப்பு முடிந்த மறு ஆண்டு நீங்கள் பார்க்க விரும்பும் வேலையின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். 'நல்ல பதவி', 'மேனேஜ்மென்ட் பக்கம்' என்றெல்லாம் எழுதக் கூடாது. 'வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர்', 'வங்கியில் பெருநிறுவனக் கடன் பிரிவு', 'நுகர்பொருள் நிறுவனத்தில் பகுதி விற்பனை மேலாளர்' என்ற அளவுக்குத் துல்லியம் வேண்டும். எழுத வரவில்லை என்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்காமல் இருப்பதே லாபம்.

எழுதியாயிற்றா? இப்போது லிங்க்ட்இன்னில் அந்த வேலையில் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேரின் பக்கங்களைப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் எம்.பி.ஏ., எங்கே, எந்த வயதில், வேலையை விட்டா வேலையோடா என்பது தெரிந்துவிடும். எந்த ஆலோசகரும் தராத தகவல் இது, அதுவும் காசில்லாமல்.

மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் 28 வயதுக்காரருக்கு விற்பனை, சந்தைப்படுத்தல் பக்கம் போக வேண்டும். பகுதிநேரப் படிப்பு அவரை அங்கே கொண்டுசேர்க்காது. படித்து முடித்தாலும் அவர் சுயவிவரத்தில் தரக் கட்டுப்பாட்டு அனுபவம்தான் இருக்கும். இரண்டாண்டு முழுநேரப் படிப்பில் முதலாண்டு முடிந்ததும் வரும் கோடைக்காலப் பயிற்சி வேலைதான் அவருக்கான பாலம். இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் வேலை செய்து காட்டினால், அடுத்த நேர்காணலில் பேச ஏதாவது இருக்கும்.

சோழிங்கநல்லூரில் மென்பொருள் சோதனைக் குழுவை நடத்தும் 34 வயதுப் பெண்மணிக்கு, அதே நிறுவனத்தில் அல்லது அதுபோன்ற ஒன்றில் டெலிவரி மேலாளராக வேண்டும். அவர் வேலையை விட வேண்டிய காரணமே இல்லை. வார இறுதியில் நிதியும் வணிக உத்தியும் படித்துவிட்டு, திங்கட்கிழமை அதே வாடிக்கையாளரிடம் அதைப் பயன்படுத்த முடியும்.

மூன்றாமவர் மதுரையில் பொதுத்துறை வங்கி அதிகாரி. பதவி உயர்வுக்கு உதவும் என்று தொலைநிலை எம்.பி.ஏ. சேர நினைக்கிறார். அவர் முதலில் வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளை முடித்தாரா என்று பார்க்க வேண்டும். அவற்றுக்கு ஊதிய ஒப்பந்தப்படியே இன்கிரிமென்ட் உண்டு, செலவும் சொற்பம். அவருக்கு எம்.பி.ஏ. இரண்டாவது கேள்வி. இதைச் சொன்னால் பலருக்கும் சப்பென்று போய்விடுகிறது. என்ன செய்வது, கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: எம்.பி.ஏ. என்ற பெயரில் என்னென்ன விற்கிறார்கள்

இரண்டாண்டு முழுநேரப் படிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஐ.ஐ.எம்.கள், ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறை, திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றுக்கு கேட் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் மாநிலத்தின் பல கல்லூரிகளுக்கும் தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட். இங்கே உங்கள் வகுப்புத் தோழர்களில் பெரும்பாலானோர் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்களாகவோ, இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களாகவோ இருப்பார்கள். எட்டு ஆண்டு அனுபவத்தோடு போய் உட்கார்ந்தால், வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் உங்களையும் அவர்களையும் ஒரே சம்பளப் பட்டியலில்தான் பார்க்கும். அனுபவசாலிகளுக்கென்று 'லேட்டரல்' சுற்று நடத்தும் ஐ.ஐ.எம்.கள் உண்டு, அதை நம்பிப் போவதானால் அந்தச் சுற்றில் வந்த நிறுவனங்கள் எவை என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுபவம் கூடியவர்களுக்காகவே வந்தது ஓராண்டு முழுநேரப் படிப்பு. ஹைதராபாத்திலும் மொகாலியிலும் வளாகம் உள்ள ஐ.எஸ்.பி. (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்), ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் பி.ஜி.பி.எக்ஸ்., பெங்களூரின் இ.பி.ஜி.பி., நம் பக்கத்தில் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள கிரேட் லேக்ஸ் ஆகியவை இந்த வகை. ஐ.எஸ்.பி.க்குக் குறைந்தது 2 ஆண்டு அனுபவமும் பி.ஜி.பி.எக்ஸுக்கு 4 ஆண்டும் வேண்டும். சேர்பவர்களின் அனுபவம் வழக்கமாக அதைவிட அதிகம். சம்பளம் போவது ஓராண்டு மட்டும் என்பது ஆறுதல். ஆனால் பெரும்பாலான ஓராண்டுப் படிப்புகளில் கோடைக்காலப் பயிற்சி வேலை கிடையாது. எனவே துறையை அடியோடு மாற்ற நினைப்பவர்களுக்கு இது சற்றுக் கடினமான வழி.

பகுதிநேரத்தில் இரண்டு வகை. வார இறுதி வகுப்புகள்: ஐ.ஐ.டி. மெட்ராஸின் எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ., திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் நடத்தும் படிப்பு, ஐ.ஐ.எம். பெங்களூரின் பி.ஜி.பி.இ.எம். போன்றவை. மாலை நேர வகுப்புகள்: சென்னையில் லயோலா வளாகத்திலுள்ள லிபா இதில் பழைய பெயர், 1979இல் தொடங்கிய நிறுவனம்.

அடுத்து தொலைநிலையும் இணையவழியும். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், இக்னோ என்று ஒரு வரிசை. தனியார் பல்கலைக்கழகங்கள் இன்னொரு வரிசை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம், நேரில் படித்துப் பெற்ற பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாகவே அறிவித்தது. சட்டத்தின் கண்ணில் சமம். வேலைக்கு எடுப்பவரின் கண்ணில் என்ன என்பது வேறு விஷயம். பணம் கட்டுவதற்கு முன், யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில், அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்பின் பெயரோடு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தால் எல்லாப் படிப்புக்கும் இருக்கிறது என்று பொருளல்ல.

கடைசி வகையில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். பெரிய நிறுவனத்தின் சின்னம், 'முன்னாள் மாணவர் தகுதி', பத்து மாத இணைய வகுப்பு, லட்சக்கணக்கில் கட்டணம், வாரத்துக்கு மூன்று அழைப்புகள். இவை சான்றிதழ் படிப்புகள். சில உண்மையிலேயே நல்ல படிப்புகள். ஆனால் இவை எம்.பி.ஏ. அல்ல, முதுநிலைப் பட்டம் கேட்கும் இடத்தில் செல்லாது. '10 நாள் எம்.பி.ஏ.' என்று விளம்பரம் செய்தவர்களைக் குறித்து 2024இல் யு.ஜி.சி.யே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. பத்து நாளில் நெளிவு சுளிவோடு தோசை சுடக்கூட வராது.

சான்றிதழில் என்ன அச்சாகும் என்பதையும் கேளுங்கள். ஐ.ஐ.எம்.கள் முன்பு டிப்ளமோதான் தந்தன. 2018 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகே எம்.பி.ஏ. பட்டம் தருகின்றன. தனித்து இயங்கும் கல்லூரிகள் தருவது பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை டிப்ளமோ; அதற்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி இருக்க வேண்டும். தனியார் வேலைக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் பொருட்டில்லை. அரசு வேலை, பிஎச்.டி., வெளிநாட்டுக் குடியேற்ற விண்ணப்பம் என்று யோசனை இருந்தால் பொருட்டுதான்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள், பேனாவால்

கட்டணத்தை மட்டும் பார்ப்பது கணக்கே அல்ல. 28 வயது, மாதம் பிடித்தம் போக கைக்கு ரூ.70,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு முழுநேரப் படிப்புக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ரூ.22 லட்சம். பெரிய ஐ.ஐ.எம்.களில் இன்று 20 லட்சத்துக்கு மேல்தான். 24 மாதச் சம்பளம் வராது, அது ரூ.16.8 லட்சம். ஆக, இந்தப் படிப்பின் விலை ரூ.38.8 லட்சம். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் போட்டிருக்கும் பங்கை இதில் சேர்க்கவில்லை.

இதில் 20 லட்சம் கடன் என்றால், 10 சதவீத வட்டியில், பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் ரூ.26,400. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்வதைப் பலரும் வட்டியே இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முழுத் தொகையையும் எடுத்தபின் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஏறும். முடிந்தால் அந்த வட்டியைப் படிக்கும்போதே கட்டிவிடுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். வேலையிலேயே இருந்திருந்தால் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வில் இரண்டாண்டு கழித்துச் சம்பளம் சுமார் ரூ.81,600 ஆகியிருக்கும். படித்துவிட்டு வந்தவர் அதே அளவு பணத்தைக் கையில் பார்க்கவே 81,600 கூட்டல் 26,400, அதாவது மாதம் 1,08,000 வாங்க வேண்டும். இழந்த 16.8 லட்சத்தை ஐந்தாண்டில் மீட்க வேண்டுமென்றால் மாதம் இன்னும் 28,000. ஆக 1,36,000, அதுவும் பிடித்தம் போக. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் நடுவில் இருக்கும் மாணவருக்கு இது கிடைக்கிறதா என்பதே கேள்வி. கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் பணத்துக்கு அப்பாற்பட்ட காரணம் ஏதாவது இருக்க வேண்டும். இருந்தால் தவறில்லை, ஆனால் அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டணம் குறைந்த நல்ல இடங்கள் இந்தக் கணக்கையே புரட்டிப்போட்டுவிடும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைக் கல்விப் பிரிவான எஃப்.எம்.எஸ். இதற்குப் பேர்போனது, ஐ.ஐ.எம்.களின் கட்டணத்தில் சிறு பங்குதான் அங்கே. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்திலும் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. அங்கே இழப்பது பெரும்பாலும் சம்பளத்தை மட்டும்தான்.

ஓராண்டுப் படிப்புக்குக் கணக்கு வேறு. மாதம் 1.3 லட்சம் வாங்கும் 34 வயதுக்காரர் 35 லட்சம் கட்டணம் கட்டினால், போன சம்பளம் 15.6 லட்சத்தையும் சேர்த்து 50 லட்சத்தைத் தாண்டிவிடும். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகங்கள் மாறும்.

பகுதிநேரத்துக்குக் கட்டணம் 12 லட்சம் என்றால் விலை 12 லட்சம்தானே? அல்ல. அந்த இரண்டாண்டில் வேலை மாறத் தயங்குவீர்கள். மாறினால் கிடைத்திருக்கும் உயர்வு போகிறது. வெளிநாட்டுப் பணிக்கு அழைத்தால் மறுக்க வேண்டியிருக்கும். செமஸ்டர் தேர்வு வந்த காலாண்டில் அலுவலக மதிப்பீடு ஒரு படி இறங்கலாம். இவற்றுக்கு எண் போடுவது கடினம். ஆனாலும் ஒரு மாதச் சம்பளமோ இரண்டு மாதச் சம்பளமோ என்று தோராயமாகவேனும் கணக்கில் சேருங்கள்.

வரிச் சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம். கல்விக் கடனின் வட்டிக்கு மட்டும், திருப்பிச் செலுத்தத் தொடங்கியதிலிருந்து 8 ஆண்டுகள் வரை கழிவு உண்டு. அது பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்குப் போய்விட்டவர்களுக்கு இல்லை. தனிநபர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினால் எந்த முறையிலும் இல்லை. கடன் கேட்கும்போது படிப்பு பகுதிநேரம் என்று சொல்லிவிடுங்கள். எல்லா வங்கிகளும் அதற்குக் கல்விக் கடன் தருவதில்லை. பொதுவான திட்டத்தில் ரூ.7.5 லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பிணையில்லாமல் தருவதும் உண்டு. அந்தப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்பதே அதன் மதிப்பைப் பற்றி வங்கி வைத்திருக்கும் கருத்துதான்.

நான்காம் படி: வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிக்கும் விதம்

அதிகபட்சச் சம்பளம் என்ற எண்ணை அடித்துவிடுங்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது, அந்த ஒருவர் நீங்கள் இல்லை. சராசரியையும் நம்பாதீர்கள், நான்கு பேர் வெளிநாட்டு வேலைக்குப் போனால் அது ஏறிவிடும். இடைநிலை எண், அதாவது வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம், அதுதான் வேண்டும். கடைசிக் கால் பகுதியினரின் எண்ணையும் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

ஐ.ஐ.எம். அகமதாபாத் முன்னின்று உருவாக்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அறிக்கை முறை இருக்கிறது. அதில் கைக்கு வரும் நிலையான ரொக்கம் வேறு, எல்லாம் சேர்ந்தால் கிடைக்கக்கூடிய அதிகபட்சம் வேறு என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். வெளித் தணிக்கையும் உண்டு. எத்தனை பேர் வளாக நேர்காணலுக்குப் பதிந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதும் இருக்கும். பளபளப்பான கையேட்டில் இருபது நிறுவனச் சின்னங்களை மட்டும் ஒட்டி வைத்திருப்பவர்களிடம் இந்த எண்களைக் கேளுங்கள். '100 சதவீத உதவி' என்று எழுதியிருந்தால் அது வேலைக்கான உறுதி அல்ல. உதவி செய்வோம் என்பது மட்டும்தான்.

பகுதிநேரப் படிப்புகளில் வளாக நேர்காணல் பெரும்பாலும் இல்லை. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, வேலையில் இருப்பவர்களை அனுப்பிவைத்த நிறுவனங்களிடமிருந்து அவர்களைப் பறிப்பது கல்லூரிக்கு அழகல்ல. ஆகவே பகுதிநேரத்தில் கேட்க வேண்டியது வேறு: கூடப் படிப்பவர்கள் யார், எந்த நிறுவனங்கள், சராசரி அனுபவம் எவ்வளவு? இரண்டாண்டு சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்காரப்போகிறவர்தான் உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவு.

ஐந்தாம் படி: வாரத்தைப் பிரித்துப் பாருங்கள்

பகுதிநேரத்தைப் பாதியில் விடுபவர்கள் பாடம் புரியாமல் விடுவதில்லை. நேரம்தான் அவர்களைத் தோற்கடிக்கிறது.

மாலை வகுப்பு என்றால் முதலில் வழியைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் வகுப்பு, உங்கள் அலுவலகம் கிண்டியில் என்றால் புறநகர் ரயிலில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் லயோலா வாசல். அதே வகுப்புக்குச் சோழிங்கநல்லூரிலிருந்து மெட்ரோ கட்டுமானத் தடுப்புகளுக்கு நடுவே பழைய மாமல்லபுரம் சாலையில் வர வேண்டுமென்றால், வாரத்துக்கு ஒரு நாளாவது முதல் வகுப்பு போய்விடும். அமெரிக்க வாடிக்கையாளரோடு மாலை ஏழு மணிக்குத் தினமும் பேச வேண்டிய வேலையில் இருப்பவர் மாலை வகுப்பில் சேர்வது வீண். வார இறுதி வகுப்புதான் அவருக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு நேர்மாறான சிக்கல்: உற்பத்தி ஏறும் மாதங்களில் ஞாயிறும் வேலை நாள். கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் மார்ச் மாதம் ஆகாது. கல்லூரியின் தேர்வு அட்டவணையைச் சென்ற ஆண்டு மாணவரிடம் வாங்கி, உங்கள் அலுவலக ஆண்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வகுப்பு நேரம் மட்டும் வாரத்துக்கு 10 முதல் 12 மணி என்றால், படிக்கவும் எழுதவும் ஏறக்குறைய அதே அளவு பிடிக்கும். அதோடு குழு வேலை. ஐந்து பேர், ஐந்து ஷிப்ட், எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம் இரவு பத்தரை மணி. ஒருவர் காரில் இருந்தபடி பேசுவார், ஒருவருக்குக் குழந்தை அழும், ஒருவர் வரவே மாட்டார். வராதவரின் பங்கையும் நீங்கள்தான் எழுதுவீர்கள்.

இதைத் தொடங்கும் முன் வீட்டில் பேச வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். பேச வேண்டியது படிப்பைப் பற்றியல்ல, ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அன்று யார் சமைப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது, மாமியார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது? ஆண்கள் வார இறுதி எம்.பி.ஏ. படிக்கும்போது இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. மனைவி சத்தமில்லாமல் இரண்டாண்டு அந்த விலையைக் கட்டிவிடுகிறார். பெண்கள் படிக்கும்போது மட்டும் 'சமாளித்துவிடுவாயா' என்று கேட்பார்கள். சமாளிக்க வேண்டியவர் அவர் மட்டும்தான் என்று வீடு முடிவு செய்திருந்தால், பகுதிநேரத்தைவிட ஓராண்டு முழுநேரப் படிப்பே அவருக்கு எளிது. வளாகத்துக்குள் போய்விட்டால் அங்கே அவர் மாணவி மட்டும்தான். இப்படி யோசித்து, கடனையும் ஏற்று, வெளியூர் வளாகத்தைத் தேர்ந்தெடுக்கும் பெண்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதம், சனியும் ஞாயிறும் காலை முதல் மாலை வரை நுழைவுத் தேர்வுக்குப் படியுங்கள். அது முடியவில்லை என்றால் இரண்டாண்டு முடியாது.

ஆறாம் படி: அலுவலகம்

மேலாளரிடம் எப்போது சொல்வது? முழுநேரம் என்றால் இடம் உறுதியான பிறகு. பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஜூனில் வகுப்பு தொடங்குகிறதென்றால் மார்ச்சிலேயே கடிதம் கொடுக்க வேண்டும். பகுதிநேரம் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சொல்வது நல்லது. சனிக்கிழமை மென்பொருள் வெளியீட்டு வேலைக்கு உங்களை அழைக்காமல் இருக்கப்போகிறவர் அவர்தான். சில கல்லூரிகள் நிறுவனத்தின் ஆட்சேபமின்மைக் கடிதமும் கேட்கும். அரசு ஊழியர்கள் தொலைநிலைப் படிப்புக்கும் முன் அனுமதி வாங்கிவிடுவது பாதுகாப்பு. பின்னால் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது தகராறு வராது.

நிறுவனம் கட்டணத்தில் பங்கு தருமானால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். படிப்பு முடிந்து எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், இடையில் போனால் முழுத் தொகையா, இருந்த காலத்தைக் கழித்து மீதியா, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் என்ன என்பவை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

நீண்ட ஊதியமில்லா விடுப்பு தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஓராண்டுப் படிப்புக்கு இது கிடைத்தால் பொன். மனிதவளப் பிரிவின் கையேட்டில் தேடிப் பாருங்கள், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் படி: நுழைவுத் தேர்வும் நாட்காட்டியும்

கேட் தேர்வு நவம்பர் கடைசியில், விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில்; மதிப்பெண் ஓராண்டுச் சேர்க்கைக்கு மட்டும். எக்ஸ்.எல்.ஆர்.ஐ. என்ற மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட் ஜனவரி முதல் வாரம். பன்னாட்டு நுழைவுத் தேர்வான ஜிமேட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், ஐந்தாண்டு செல்லும். ஓராண்டுப் படிப்புகள் பெரும்பாலும் ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. கேட்கின்றன, வார இறுதிப் படிப்புகளில் சில தாங்களே ஒரு தேர்வு வைக்கின்றன.

இரண்டாண்டுப் படிப்புக்கு ஐ.ஐ.எம்.கள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் எடைபோடும். பள்ளியில் சுமாராகப் படித்து, வேலையில் நன்றாகச் செய்தவர்களுக்கு ஓராண்டுப் படிப்பின் விண்ணப்பம் சாதகமானது. அங்கே அனுபவமும் கட்டுரையும் நேர்காணலும் பேசும்.

எட்டாம் படி: வேலையை விடுவதென்று முடிவானால்

முதலில் மருத்துவக் காப்பீடு. வேலையிலிருந்து விலகும் நாளோடு நிறுவனத்தின் குழுக் காப்பீடு முடிந்துவிடும். அதில் பெற்றோரும் இருந்தால் அவர்களுக்கும் முடிந்துவிடும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்றால் புதிய பாலிசியில் அதற்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் போடலாம். எனவே வேலையில் இருக்கும்போதே தனிப் பாலிசி எடுத்துவிடுங்கள், அல்லது குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று விலகுவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.

அடுத்து பணிக்கொடை (கிராஜுவிட்டி). நிரந்தர ஊழியர்கள் ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கிடைக்கும். நான்கே கால் ஆண்டில் இருப்பவர் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குப் போனால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஒரு தொகை கைக்கு வரும். இதற்காகப் படிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதில்லை; இரண்டு தேதிகளுக்கும் நடுவே சில வாரங்கள்தான் என்றால் தேதியை நகர்த்தலாம்.

வருங்கால வைப்பு நிதியை எடுக்காதீர்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும்; அடுத்த வேலையில், வைப்பு நிதிக்கான அதே யு.ஏ.என். எண்ணில் சேர்ந்துகொள்ளும். ஐந்தாண்டு முடியாமல் எடுத்தால் வரியும் உண்டு. கடன் அட்டைகளையும் தனிநபர் கடனையும் முடித்துவிடுங்கள். வீட்டுக் கடன் இருந்தால், படிப்புக் காலத் தவணை முழுவதையும் தனிக் கணக்கில் போட்டுவைத்த பிறகே கிளம்புங்கள். அதைப் போட முடியவில்லை என்றால் பகுதிநேரமே உங்கள் படிப்பு; மூன்றாம் படியின் கணக்கை மறுபடியும் போட வேண்டியதில்லை.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் இடத்தை உறுதிசெய்யச் சில லட்சங்கள் கேட்பார்கள், கெடு பத்து நாள்கூட இருக்காது. அந்தப் பணத்தைக் கட்டும் முன், எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்ற விதியைப் படியுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் இன்னொரு கல்லூரியின் முடிவு அந்தத் தேதிக்குப் பின் வருமானால், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கூடுதல் அவகாசம் கேளுங்கள். தொலைபேசியில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்வதை வைத்துப் பணம் அனுப்பாதீர்கள். பதில் எழுத்தில் வரட்டும்.